பி.எஸ்சி. இயற்பியலிலிருந்து கணித இயற்பியல் முதுகலைக்கு

கணித இயற்பியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றால் நம் பக்கம் இரண்டு கேள்வி வரும். வீட்டில், "அதப் படிச்சா என்ன வேலைக்குப் போவ அம்மிணி?" கல்லூரியில், "அது நம்ம சிலபஸ்லயே ஒரு பேப்பரா இருக்குதே, அதுக்குப் போயி ஒரு டிகிரியா?" முதல் கேள்விக்குப் பதிலைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விண்ணப்பத்தின் சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

நான் குமாரபாளையத்துக்காரி. அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். ஆற்றைத் தாண்டி ஈரோட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். இப்போது ஜெர்மனியில் கணித இயற்பியல் முதுகலை படிக்கிறேன். பொறியியலுக்கும் எம்.எஸ். டேட்டா சயின்ஸுக்கும் வழி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பாடத்திட்டத்தில் இருக்கும் அந்தப் பேப்பர், இயற்பியலுக்கு வேண்டிய கணக்குக் கருவிகளைச் சொல்லித் தருவது. லாப்லாஸ் உருமாற்றம், ஃபூரியர் தொடர், பெசல் சார்புகள், டென்சர் கொஞ்சம். கேள்வித்தாளில் கணக்கு வரும், போட்டால் மார்க். முதுகலையில் இந்தத் துறை வேறு வேலை செய்கிறது. இயற்பியலாளர்கள் நம்பிக்கையோடு எழுதிவிட்டுப் போகிற சமன்பாடுகளுக்கு உண்மையில் தீர்வு இருக்கிறதா, அந்த ஆபரேட்டர் எந்தச் சார்புகளின் மேல் செயல்படுகிறது, ஒரு முடிவு எந்த நிபந்தனையில் உடையும் என்று நிரூபணத்தோடு பார்க்கிறது. ஹில்பர்ட் வெளிகள், மேனிஃபோல்டுகள், லீ குழுக்கள், இவைதான் அன்றாடச் சாப்பாடு. அணுவுக்குள் இருக்கும் விசைகளை விவரிக்கும் யாங்-மில்ஸ் கோட்பாட்டைக் கணித ரீதியாக நிறுவி, அதில் நிறை இடைவெளி இருக்கிறது (அதாவது மிக லேசான துகளுக்கும் பூஜ்யத்தைவிடக் கூடிய நிறை உண்டு) என்று காட்டினால் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் தருவதாக 2000-இல் அறிவித்தது. இன்னும் யாரும் வாங்கவில்லை. அந்த மாதிரிக் கேள்விகள் வாழும் இடம் இது.

ஆகவே தேர்வுக் குழு உங்களிடம் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளை நிரூபணம் எழுதிப் பழகியிருக்கிறதா? இயற்பியலில் 90 சதவீதம் வாங்கியிருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் விண்ணப்பம் நகராது.

நம் பி.எஸ்சி. இயற்பியலில் கணிதம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். முதலாண்டில் இரண்டு செமஸ்டர் அலைடு மேத்ஸ். இரண்டாமாண்டு பெரும்பாலும் அலைடு கெமிஸ்ட்ரி. அவ்வளவுதான். அந்த இரண்டு செமஸ்டரிலும் அணிகள், திரிகோணமிதி விரிவுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், வெக்டர் கால்குலஸ் என்று எல்லாம் வரும், நிரூபணம் மட்டும் வராது. ரியல் அனாலிசிஸ், சரியான லீனியர் ஆல்ஜீப்ரா, இரண்டும் கணிதத் துறை மாணவர்களுக்குத்தான்.

ஆனால் அந்தக் கணிதத் துறை அதே கல்லூரியில், அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. நான் இரண்டாமாண்டு முடியும்போது அங்கே போய் ஒரு மேடத்திடம் கேட்டேன். "மேடம், உங்க ரியல் அனாலிசிஸ் கிளாஸ்ல பின்னாடி உக்காந்துக்கட்டுங்களா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உக்காந்துக்க சாமி. ஆனா மத்த புள்ளைங்க மாதிரி டெஸ்டும் எழுதோணும்" என்றார். எங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் சொல்லி, லேப் இல்லாத நாட்களில் அந்த வகுப்புக்குப் போய்வர அனுமதி வாங்கிக்கொண்டேன். எப்சிலான், டெல்டா என்று ஆரம்பித்த முதல் வாரங்கள் கடினமாகத்தான் இருந்தன. கணக்குக்கு விடை வந்துவிட்டது என்று கோடு போடும் பழக்கத்திலிருந்து, விடை ஏன் வந்தே தீர வேண்டும் என்று எழுதும் பழக்கத்துக்கு மாறுவதற்கு நாள் எடுக்கும். அதற்குப் பெரிய ஊர் தேவையில்லை, திருத்தித் தர ஒரு ஆசிரியர் வேண்டும். திருத்திய அந்த டெஸ்ட் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தேன். பிற்பாடு அந்த மேடம் எழுதிய பரிந்துரைக் கடிதத்துக்கு அவைதான் ஆதாரம்.

வகுப்பில் கிடைக்காததற்கு ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல். இருக்கிறது. பாடம் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம், மையம் கோயம்புத்தூரிலேயே உண்டு. லீனியர் ஆல்ஜீப்ரா, ஃபங்ஷனல் அனாலிசிஸ் இரண்டையும் அதில் எடுத்தேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் விரிவுரைகளும் அங்கேதான் இருக்கின்றன. நம் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிப் போகும் இடத்தில் அவர் அரை மணி நேரம் நிற்பார். பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைகளாக இருந்தால் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சியைக் கட்டாயம் பாருங்கள். 1993-லிருந்து நடக்கிறது, கல்லூரி மாணவர்களை நிரூபணத்தில் பழக்குவதற்கென்றே வந்தது. இயற்பியல் பிள்ளைகளுக்கு இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் பொருத்தம். இரண்டு மாதம் ஒரு ஆய்வாளரோடு இருக்கலாம்.

எங்கே விண்ணப்பிப்பது? ஜெர்மனியில் ஹம்பர்க், லைப்சிக், டூபிங்கன், வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களில் கணித இயற்பியல் என்ற பெயரிலேயே முதுகலை உண்டு. முனிச்சின் எல்.எம்.யு. பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு மற்றும் கணித இயற்பியல் என்று ஒன்று. பிரான்சில் டிஜோன் நகரில் ஒன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் பார்ட் த்ரீ என்ற ஓராண்டுக் கணித முதுகலை, ஆக்ஸ்ஃபோர்டின் கணிதக் கோட்பாட்டு இயற்பியல் எம்.எஸ்சி., இரண்டும் பெரிய பெயர்தான், கட்டணமும் பெரியது. கனடாவின் பெரிமீட்டர் நிறுவனம் நடத்தும் ஓராண்டு முதுகலையில் கட்டணமும் செலவும் அவர்களே ஏற்கிறார்கள், அதற்கேற்ற போட்டி. இத்தாலியின் திரியஸ்தே நகரில் ஐ.சி.டி.பி. என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் இருக்கிறது. பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கியது. வளரும் நாட்டு மாணவர்களுக்காகவே ஓராண்டு டிப்ளமோ, உதவித்தொகையோடு. அது முதுகலைப் பட்டம் ஆகாது, ஆனால் பிஎச்.டி.க்கு நல்ல படி.

பட்டியலைப் பார்த்ததும் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் படிப்பை எந்தத் துறை நடத்துகிறது என்று பாருங்கள். கணிதத் துறை நடத்தினால் அவர்கள் கேட்கும் கணிதப் பின்னணி கூடுதலாக இருக்கும். இயற்பியல் துறை நடத்தினால் குவாண்டம் மெக்கானிக்ஸும் ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸும் எத்தனை மணி நேரம் என்று எண்ணுவார்கள். தகுதி விதிகள் என்ற ஒரு ஆவணம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். அதில் கேட்டிருக்கும் கணித அளவு நமக்கு இல்லவே இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் நல்லது, கட்டணம் மிச்சம்.

ஈரோட்டில் ஒரு கன்சல்டன்சிக்கும் போய்ப் பார்த்தேன். கணித இயற்பியல் என்றதும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. வேலைக்கு உதவும் என்று ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அனலிடிக்ஸ் படிப்பை எடுத்து நீட்டினார்கள். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் தாங்களே விண்ணப்பிப்பதுதான் சரி. படிவம் நிரப்புவது கஷ்டமே இல்லை. கஷ்டமான பகுதி எதுவோ அதை இடைத்தரகர் யாரும் நமக்காகச் செய்ய முடியாது.

அந்தக் கஷ்டமான பகுதி, பாட விவர ஆவணம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவும் மாட்யூல் விவரம் கேட்கும். நம் மதிப்பெண் பட்டியலில் பேப்பர் பெயரும் மார்க்கும் மட்டும் இருக்கும். கோர் பேப்பர் மூன்று, கோர் பேப்பர் ஒன்பது என்று போட்டிருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும்? ஆகவே ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு பத்தி எழுதினேன்: பல்கலைக்கழகம் கொடுத்த பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஐந்து யூனிட்டிலும் என்னென்ன தலைப்பு, எந்தப் புத்தகம், தேர்வு எப்படி, என் மதிப்பெண். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்தேன், ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. துறை முத்திரையோடு ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கினேன்.

அதோடு தனியாக ஒரு பக்கம். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் கணிதத் தலைப்புகள், வலப்பக்கம் அது எனக்கு எங்கே கிடைத்தது. அலைடு மேத்ஸில் வந்தது, கிளாசிகல் மெக்கானிக்ஸ் பேப்பருக்குள் வந்தது, என்.பி.டி.இ.எல். சான்றிதழில் இருப்பது, கணிதத் துறை வகுப்பில் மார்க் இல்லாமல் உட்கார்ந்து படித்தது, எல்லாம் தனித்தனியாக, அதது இன்னது என்று சொல்லி. இரண்டு தலைப்புக்கு எதிரே "படிக்கவில்லை" என்றே எழுதினேன். நேர்முகத்தில் என்னைப் பேட்டி கண்டவர் இந்தப் பக்கத்தைத்தான் கையில் வைத்திருந்தார். மொத்த விண்ணப்பத்திலும் எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மதிப்பெண் மாற்றத்திலும் ஒரு விவரம் உண்டு. ஜெர்மன் முறையில் 1 சிறந்தது, 4 தேர்ச்சி எல்லை. நம் மார்க்கை மாற்ற, அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். 78 சதவீதம், தேர்ச்சி 40 என்றால் 22-ஐ 60-ஆல் வகுத்து, விடை 2.1. அதே 78-க்குத் தேர்ச்சி 50 என்று யாராவது எடுத்துக்கொண்டால் 2.3 ஆகிவிடும். ஆகவே தேர்ச்சி மதிப்பெண் 40 என்பது டிரான்ஸ்கிரிப்டிலோ கல்லூரிக் கடிதத்திலோ எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. நம் கல்லூரிகளில் "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்பது வழக்கம். அன்பாகத்தான் சொல்வார்கள், வேலைப்பளு அப்படி. ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். நான் ஆசிரியர்களிடம் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கொடுத்தேன்: என்ன பாடம் எடுத்தீர்கள், நான் என்ன செய்தேன், எந்தக் கேள்வியில் தடுமாறினேன். "நீங்களே உங்க வார்த்தைல எழுதுங்க சார், நாலு வரி போதுமுங்க" என்றேன். கணித மேடம் நேரம் எடுத்து ஒரு முழுப் பக்கம் எழுதித் தந்தார். இயற்பியல் மாணவிக்குக் கணித ஆசிரியர் ஒருவர் எழுதியது அது, இந்தப் படிப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! இன்னொன்று: ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைத்தான் பல இடங்களில் கேட்பார்கள். ஜிமெயில் மட்டும்தான் இருக்கிறது என்றால் துறைக்கென ஒரு முகவரி வாங்க ஏற்பாடு செய்ய முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மோட்டிவேஷன் லெட்டரில் சின்ன வயதில் நட்சத்திரம் பார்த்த கதை வேண்டாம். உங்களைத் தூங்கவிடாத ஒரு கணக்கைப் பற்றி எழுதுங்கள். நான் எழுதியது இதுதான். குவாண்டம் மெக்கானிக்ஸ் வகுப்பில், அளக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெர்மிஷியன் ஆபரேட்டர் உண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஃபங்ஷனல் அனாலிசிஸ் படித்தபோது அதற்குள் இரண்டு தனித்தனி விஷயம் இருப்பது தெரிந்தது: சிமெட்ரிக் என்பது ஒன்று, செல்ஃப் அட்ஜாயின்ட் என்பது அதைவிடக் கடுமையானது, ஆபரேட்டரும் அதன் அட்ஜாயின்ட்டும் ஒரே களத்தில், அதாவது ஒரே சார்புகளின் தொகுதியில், செயல்பட வேண்டும். எங்கே இரண்டும் பிரிகின்றன என்று எழுதியிருந்தேன்.

நேர்முகத்தில் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முடிவில்லாத வெளி. அந்த அரைக்கோட்டில் ஒரு துகள். அதன் உந்த ஆபரேட்டர் செல்ஃப் அட்ஜாயின்ட் ஆகுமா என்று கேட்டார்கள். சுவரில் அலைச்சார்பு பூஜ்யம் என்று வைத்தால் பகுதித் தொகையிடலில் எல்லை உறுப்பு போய்விடும், ஆபரேட்டர் சிமெட்ரிக். பி.எஸ்சி.யில் இத்தோடு முழு மார்க். ஆனால் அதன் அட்ஜாயின்ட்டுக்குச் சுவரில் எந்த நிபந்தனையும் தேவைப்படாது, அதன் களம் பெரியது. சரி, நிபந்தனையை மாற்றிச் சரிசெய்ய முடியுமா? முடியாது. இதை எண்களால் காட்டலாம்: ஒரு பக்கம் e-யின் அடுக்கு கழித்தல் x அரைக்கோட்டில் சதுரத் தொகையிடத் தக்கது (அதன் சதுரத்தின் தொகையீடு முடிவுள்ளது), மறுபக்கம் e-யின் அடுக்கு x அப்படி இல்லை. ஆக ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பூஜ்யம். இரண்டு எண்ணிக்கையும் சமமாக இல்லாததால் செல்ஃப் அட்ஜாயின்ட்டாக நீட்டிக்க வழி இல்லை. பலகையில் இதை எழுதியதும், இயற்பியலாக இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். உந்தம் என்பது நகர்த்துவது. அரைக்கோட்டில் அலையை வலப்பக்கம் தள்ளலாம், எதுவும் குறையாது. இடப்பக்கம் இழுத்தால் சுவரில் போய்க் கரைந்துவிடும், மொத்த நிகழ்தகவு 1-ஆக நிற்காது. திரும்பி வர முடியாத நகர்வை ஒரு செல்ஃப் அட்ஜாயின்ட் ஆபரேட்டர் உருவாக்க முடியாது. இப்படிச் சொன்னேன். அப்புறம் முடிவுள்ள ஒரு கோட்டுத்துண்டில் என்ன ஆகும் என்றார்கள். அங்கே இரண்டு சார்பும் தேறும், இரு முனைகளையும் ஒரு கட்டக் காரணியால் (ஃபேஸ்) இணைத்து எத்தனையோ நீட்டிப்புகள் கிடைக்கும் என்பது வரை போனது.

அந்த அரை மணி நேரத்தில் என் கல்லூரி எது, ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை. ஒரே கணக்கை இயற்பியலாகவும் கணிதமாகவும் இரண்டு பக்கமும் நின்று பார்க்க முடிகிறதா என்றுதான் பார்த்தார்கள். தயாரிப்பவர்கள் நிறையத் தலைப்பை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட இந்த மாதிரி இரண்டு மூன்று கணக்கை அடிவரை தோண்டிவைப்பது நல்லது.

பணமும் காகிதமும். இந்திய மாணவர்கள் ஜெர்மனிக்குப் படிப்பு விசா கேட்க, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். காகிதத்தை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் இடத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. டூபிங்கன் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். பெரிய சுமை பிளாக்டு அக்கவுன்ட். ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து உள்ள கணக்கு. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். மாதாமாதம் நமக்கே திரும்பி வரும் பணம்தான் என்றாலும் முதலில் மொத்தமாக வேண்டும். ஈடு இல்லாமல் கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை கிடைக்கும். மீதிக்கு அப்பா நூல் வியாபாரத்தில் இருக்கும் மாமாவிடம் கைமாற்று வாங்கினார்.

என்ன வேலைக்குப் போவாய் என்ற அந்த முதல் கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் சொன்னேன். மாமாவும் அதையே கேட்டார்: "பி.எட். முடிச்சுட்டுப் பள்ளிக்கொடத்துக்குப் போலாமில்ல கண்ணு?" நல்ல வேலைதான், அதை மறுக்கவில்லை. "பிஎச்.டி. பண்ணி காலேஜுலயோ ஆராய்ச்சி நிறுவனத்துலயோ சேரலாமுங்க மாமா. கெடைக்கலீன்னா இந்தக் கணக்குத் தெரிஞ்சவங்களுக்கு பேங்கு, கம்ப்யூட்டர் கம்பெனின்னு வேலை இருக்குதுங்க. ஆனா நான் வேலைக்காக இதைப் படிக்கலீங்க" என்றேன். பொய் சொல்லிச் சம்மதம் வாங்கினால் பிஎச்.டி. நாலு வருஷம் ஆகும்போது வீட்டுக்குத் தாங்காது. உள்ளதைச் சொல்வதே மேல்.

வெளிநாடுதான் வழி என்றும் இல்லை. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம், ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வான ஜெஸ்ட், இரண்டும் எழுதினேன். ஜாம் இயற்பியல் தாள் 100 மதிப்பெண், 60 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரே விடை தேர்ந்தெடுக்கும் பகுதியில் மட்டும்தான் நெகட்டிவ் மார்க், எண்ணை நாமே இடும் பகுதியில் இல்லை, அதனால் அங்கே எதையும் விடக்கூடாது. சென்னை தரமணியில் 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களே சேரக்கூடிய ஒருங்கிணைந்த பிஎச்.டி. இருக்கிறது. உதவித்தொகை உண்டு, கடன் வாங்க வேண்டாம். பெங்களூரின் கோட்பாட்டு அறிவியல் மையமான ஐ.சி.டி.எஸ்.ஸும் அப்படியே. கடன் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இவற்றை முதல் தேர்வாகவே வைக்கலாம், தரத்தில் எந்தக் குறையும் இல்லை.

கோபியில் இரண்டாமாண்டு படிக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான், இப்போதே செய்ய வேண்டியது என்ன என்று. பல்கலைக்கழக இணையதளத்தில் உன் பேட்ச் பாடத்திட்டத்தின் பி.டி.எஃப். இருக்கும், அதை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள் என்றேன். பாடத்திட்டம் மாறினால் பழையது காணாமல் போய்விடும், அப்புறம் மூன்று வருஷம் என்ன படித்தோம் என்று காட்டக் கையில் காகிதம் இருக்காது. திங்கட்கிழமை கணிதத் துறைக்குப் போய், ரியல் அனாலிசிஸ் யார் எடுக்கிறார்கள் என்று கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.